குருவிப் பதக்கம் என்ன விலை போகும்?

நோர்வூட், இலங்கை

அன்பு மச்சான்,

கோத்தகிரியிலிருந்து நீ போட்ட கடிதம் வந்து சேர்ந்தது. வாட்ஸப்பில் ஒரு நிமிடத்தில் முடிகிற வேலைக்கு இவர் ஏன் முத்திரை ஒட்டுகிறார் என்று என் மகள் கேட்கிறாள். நீயும் நானும் தோட்டத்துச் சனம் கப்பலேறி இந்தியா போன காலத்து ஆட்கள், கடிதம் என்றால் மடித்துக் கையில் வாங்க வேண்டும் என்று சொல்லிவைத்தேன்.

இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. பஸ் நிற்கிற இடத்திலிருந்து வீடு ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் குந்திவிடுகிறேன். மகளுக்கு மாற்றம் கிடைத்து இப்போது தலவாக்கலைப் பக்கம் படிப்பிக்கிறாள். நாம் படித்த பள்ளிக்கூடத்துக்கு மாடிக்கட்டடம் வந்துவிட்டது, நீ பார்த்தால் அடையாளம் தெரியாது. உன் பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று எழுதியிருந்தாயே, அதைத்தான் வீட்டில் எல்லோருக்கும் இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன்.

சரி, உன் மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். துபாயில் யாரோ காட்டினார்கள் என்று பன்னிரண்டு காட்டு விலங்குப் பதக்கங்கள், மரப்பெட்டி, சான்றிதழ், மாதத் தவணை, ‘வரையறுத்த பதிப்பு’, பத்து வருடத்தில் விலை மூன்று மடங்கு ஆகும் என்ற பேச்சு. பேத்திக்குத் தங்கம் வாங்குவதற்குப் பதில் இதை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். மாப்பிள்ளைக்குப் புலியும் யானையும் பிடித்திருந்தால் தாராளமாக வாங்கட்டும். பிள்ளையின் கல்யாணக் கணக்கில் மட்டும் அதைச் சேர்க்க வேண்டாம். ஏன் என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன். பென்ஷன் எடுத்தவனுக்கு வேறு என்ன வேலை.

மேல் டிவிஷன் பங்களாவில் அப்புவாக, அதாவது தொரையின் வீட்டு வேலையாளாக, இருந்தவரை உனக்கு ஞாபகம் இருக்கும், வெள்ளைக் கோட்டும் வெறுங்காலுமாக நடப்பாரே, அவர்தான். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது ஊருக்குப் போன பெரிய தொரை, அவர் கையில் மூன்று வெள்ளிப் பதக்கங்களைக் கொடுத்துவிட்டுப் போனாராம். ஒவ்வொன்றிலும் ஒரு பறவை. அப்புவின் பேரன் போன மாதம் அவற்றை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு என்னிடம் கொண்டுவந்தான். நாணயம் சேர்க்கிறவன் என்று ஊரில் எனக்கு ஒரு பேர் இருக்கிறது அல்லவா.

லாம்பு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கிளையைப் பற்றியிருக்கும் கால் நகம்கூடத் தனித்தனியாகத் தெரிகிறது, அவ்வளவு நுணுக்கம். ஆனால் பறவைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி மினுங்க வேண்டிய தளம் முழுக்க மெல்லிய கீறல்கள். அப்பு தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்: கதவுக் குமிழையும் பித்தளைச் செம்பையும் துலக்குகிற பாலிஷைப் போட்டு, ஒவ்வொரு தீபாவளிக்கும் இவற்றையும் தேய்த்திருக்கிறார். சேர்ப்பவன் கண்ணில் அது அதோடு முடிந்தது. கறுத்துப்போன வெள்ளியை அவன் ஏற்றுக்கொள்வான், தேய்த்த வெள்ளியைத் தொடமாட்டான்.

விளிம்பில் பொடி எழுத்தில் ஸ்டேர்லிங் என்று இருந்தது. என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரை பங்கு வெள்ளி. நகைக்கடைத் தராசில் ஒன்று 62 கிராம் காட்டியது. 62ஐ 0.925ஆல் பெருக்கினால் 57 கிராமும் சொச்சமும் சுத்த வெள்ளி. வெள்ளி நிறுக்கிற அவுன்ஸ் 31.1 கிராம் என்பதால் ஏறக்குறைய 1.84 அவுன்ஸ். இந்த ஒரு கணக்கை மாப்பிள்ளை போடத் தெரிந்துகொண்டால் போதும், மிச்சப் பேச்சில் பாதி தானாக அடங்கும். கொழும்பில் நகைக்கடைகள் இருக்கிற செட்டியார் தெருவில் பையன் கேட்டுப் பார்த்தபோது பழைய வெள்ளி என்றுதான் எடுத்தார்கள். எடை போட்டு, கழிவும் கழித்து, ஒரு விலை. பறவைக்கு ஒரு சதமும் இல்லை.

இந்த மாதிரிப் பதக்கங்களுக்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் 1964இல் தொடங்கிய ஃபிராங்ளின் மின்ட் என்ற தனியார் நிறுவனம்தான் இந்த வியாபாரத்தைப் பெரிதாக்கியது. அமெரிக்க அரசாங்க நாணயசாலையின் தலைமைச் செதுக்குநர், கென்னடி அரை டொலரில் தலைப் பக்கத்தைச் செதுக்கிய கில்ராய் ராபர்ட்ஸ், அதே வருடம் வேலையை விட்டு அங்கே போய்ச் சேர்ந்தார். அவர் பேரிலேயே ஐம்பது பறவைகள் கொண்ட வெள்ளிப் பதக்க வரிசை ஒன்று 1970களில் வந்தது. கைவேலையைக் குறை சொல்ல முடியாது, முதல் தரம். சிக்கல் ‘வரையறுத்த பதிப்பு’ என்ற பேச்சில்தான். பல வரிசைகளில் எண்ணிக்கையை முன்கூட்டியே தீர்மானிப்பதில்லை. இன்ன திகதிக்குள் யார் யார் பணம் கட்டினார்களோ அத்தனை பேருக்கும் அடித்துக் கொடுத்துவிட்டு அச்சை மூடினார்கள். எல்லை இருந்தது உண்மைதான், ஆனால் ஆசைப்பட்டவன் எல்லோரும் அந்த எல்லைக்குள் வந்துவிட்டான். பிறகு நீ விற்கப் போனால் வாங்க வெளியே யார் நிற்பான்?

1978இல் ‘60 மினிட்ஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி இதையே எடுத்துப் பேசியது, இவற்றை விற்கப் போகிறவர்களுக்குக் கொடுத்த விலை திரும்பக் கிடைப்பதில்லை என்று. அடுத்த கூத்து 1980 ஜனவரியில். ஹண்ட் சகோதரர்கள் என்ற அமெரிக்கப் பணக்காரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததில் விலை அவுன்சுக்கு 50 டொலரை நெருங்கியது. பதக்கத்தைப் பதக்கமாக விற்றால் கிடைக்காத காசு உருக்கினால் கிடைக்கிறது என்றதும், ஏராளமானவை பெட்டியோடும் சான்றிதழோடும் உலைக்குப் போயின. மார்ச் முடிவதற்குள் விலை சரிந்து 11 டொலர் அளவுக்கு வந்துவிட்டது. 2011 ஏப்ரலில் மறுபடி 50க்குக் கிட்டே வந்து இறங்கியது. தாண்டியது 2025 ஒக்டோபரில்தான். 1980 உச்சத்தில் வாங்கினவன் எத்தனை காலம் காத்திருந்தான் என்று நீயே எண்ணிப்பார்.

குறைவாக அடித்தால் விலை ஏறும் என்று மாப்பிள்ளையிடம் சொல்லியிருப்பார்கள். கனடா அரச நாணயசாலை 2011இல் தொடங்கிய காட்டுயிர் வரிசையில் முதல் நாணயம் ஓநாய். பத்து லட்சம் அடித்தார்கள். ஆனாலும் அதை எந்த நாட்டு வெள்ளி வியாபாரியிடம் நீட்டினாலும் மறுபேச்சில்லாமல் வாங்குவான், சில இடங்களில் வெள்ளி விலைக்கு மேலேயே கொடுப்பான். ஐயாயிரம் மட்டும் அடித்த பதக்கத்தை நீட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தராசை எடுப்பான். நாணயத்தில் ஒரு நாட்டின் பேரும், இத்தனை டொலர் என்று பொறித்த முகமதிப்பும் இருக்கிறது, தூய்மை எல்லோருக்கும் தெரியும், விலைப் பட்டியல் தினமும் வருகிறது. பதக்கத்துக்கு முகமதிப்புக் கிடையாது, அடித்தவன் சொன்னதுதான் விலை. அதற்காக நாணயம் எல்லாம் யோக்கியம் என்றும் சொல்லவரவில்லை. சோமாலியா யானை என்று ஒரு வெள்ளி நாணயம் 2004இலிருந்து வருகிறது, அதை அடிப்பது ஜெர்மனியில் பவேரியா நாணயசாலை. அதுவும் நன்றாகத்தான் விற்கிறது!

சேர்ப்பவர்களின் பிடிவாதத்தையும் சொல்ல வேண்டும். சீனா 1982இலிருந்து பாண்டா நாணயம் வெளியிடுகிறது, வருடத்துக்கு வருடம் படம் மாறும். 2002இல் முந்தின வருடப் படத்தையே மறுபடி போட்டார்கள். சேர்ப்பவர்கள் போட்ட சத்தத்தில் அடுத்த வருடமே பழைய வழக்கத்துக்குத் திரும்பினார்கள். இந்த மாதிரிச் சண்டை பிடிக்க ஒரு கூட்டம் இருந்தால்தான் ஒரு சாமானுக்குச் சந்தை இருக்கிறது என்று நான் நம்புவேன். மாப்பிள்ளை பார்த்த செட்டுக்காக யாராவது சண்டை பிடிக்கிறார்களா என்று கேட்டுப் பார்.

இன்னொரு ஏமாற்று நம்முடைய ரூபாவிலேயே இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் நின்றது, மே மாதம் 360. அந்த நேரத்தில் இங்கே வெள்ளி, வெளிநாட்டு நாணயம் எது வைத்திருந்தவனும் தன் சொத்து ஏறிவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்தினான். அதே மாதங்களில் வெள்ளியின் டொலர் விலை இறங்கித்தான் இருந்தது. ஏறினது எதுவுமில்லை, நம்முடைய காசு கரைந்தது. கடைக்குப் போய் ஒரு கிலோ பருப்பு வாங்கிப் பார்த்த பிறகுதான் பலருக்கு அது விளங்கியது. உங்கள் பக்கத்து ரூபா இவ்வளவு ஆட்டம் போடுவதில்லை என்றாலும், மாப்பிள்ளை எந்தக் காசில் இலாபம் பார்க்கிறார் என்று கேள்.

உனக்குக் காட்டுயிர்தான் வேண்டும் என்றால் நம் நாட்டுக் காசிலேயே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரன் அடித்த செப்புக் காசுகளில் யானை, அந்தக் காலத்து இலங்கைப் பணமான ரிக்ஸ் டொலரின் 1821ஆம் ஆண்டு வெள்ளிக் காசிலும் யானை. நல்ல நிலையில் உள்ள ரிக்ஸ் டொலருக்கு எப்போதும் ஆள் உண்டு, யாரும் அதைச் சேர்ப்பதற்கென்று அடிக்கவில்லை, செலவழித்துத் தேய்த்துத் தொலைத்தார்கள், மிஞ்சினது கொஞ்சம். நாம் சின்ன வயதில் கையில் வைத்துச் செலவழித்த 1979ஆம் ஆண்டு நோட்டுகள் ஞாபகம் இருக்கிறதா? ஓவியர் லக்கி சேனாநாயக்க வரைந்த மீனும் பறவையும் பூச்சியும். கசங்காத முழு வரிசைக்கு இப்போது தேடி வருகிறார்கள். இப்போதைய ஐயாயிரம் ரூபா நோட்டில் காதோரம் மஞ்சள் அடித்த கொண்டைக்குருவி, ஹோர்ட்டன் சமவெளியில் திரிகிற நம்ம மலைக் குருவி. அந்த நோட்டைச் சேர்த்துவைக்க எனக்கும் ஆசைதான், மாசக் கடைசி விடுவதில்லை.

விற்பனைப் பணத்தில் ஒரு பங்கு விலங்குகளுக்குப் போகும் என்று போட்டிருக்கிறதாம். அப்படி உண்மையாகவே நடந்ததும் உண்டு. உலக வனவிலங்கு நிதியத்துக்காக 1974இலிருந்து பல நாடுகள் காட்டுயிர் நாணயங்கள் வெளியிட்டன. ஆனால் யாருக்கு, எவ்வளவு என்று கடதாசியில் எழுதியிருக்கிறதா பார்க்கச் சொல். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் தோட்டத்துக் கம்பிக் கண்ணியில் கருஞ்சிறுத்தை ஒன்று மாட்டி, காப்பாற்றக் கொண்டுபோயும் சில நாளில் செத்துப்போனதே, கேள்விப்பட்டிருப்பாய். பன்றிக்கு வைத்த கண்ணி. மரக்கறித் தோட்டத்தைப் பன்றி கிண்டுகிறது, ஆட்கள் கண்ணி வைக்கிறார்கள், சிறுத்தை மாட்டுகிறது. சிறுத்தைப் படம் போட்ட பதக்கம் வாங்குகிற காசில் ஒரு சதமாவது இந்தத் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பக்கம் வேலி போட வருமென்றால் நானே ஒன்று வாங்குவேன்.

அப்புவின் பேரனுக்கு நான் சொன்னது விற்காதே என்றுதான். எடைக்குப் போனால் வருகிற காசு எப்போதும் வரும். கையுறை இல்லாவிட்டால் விளிம்பில் மட்டும் பிடி, பத்திரிகைத் தாளிலும் இறப்பர் வளையத்திலும் சுற்றாதே, இரண்டிலும் கந்தகம் இருக்கிறது, வெள்ளி கறுக்கும். இந்த மூடுபனி ஈரத்துக்கு, சப்பாத்துப் பெட்டியில் வருகிற ஈரம் உறிஞ்சிப் பொட்டலம் ஒன்றை டின்னுக்குள் போட்டு வை. முக்கியமாக, இனித் துலக்காதே. தலையாட்டினான். தாத்தா துலக்கினதையே பெருமையாகச் சொன்னவன், கேட்பானோ என்னவோ.

மாப்பிள்ளை பணம் கட்ட முன்னம் மூன்று விஷயம் வாங்கி எழுது: ஒரு பதக்கத்தின் எடை, அது முழு வெள்ளியா மேல் முலாமா, அதே நிறுவனத்தின் பழைய செட் ஒன்று ஈபே இணையச் சந்தையில் கடைசியாக என்ன விலைக்குக் கைமாறியது என்பது. கேட்கிற விலை அல்ல, விற்ற விலை. வெள்ளிக் கணக்கை நான் போட்டு அனுப்புகிறேன்.

இவள் உன் வீட்டுக்கு அரைக் கிலோ தேத்தூள் கட்டி வைத்திருக்கிறாள், சித்திரைக்குத் திருச்சி போகிற ஆள் ஒருவரிடம் கொடுத்துவிடுவோம். கோத்தகிரியில் இல்லாத தேயிலையா என்று சிரிக்காதே. மேல் மலைக் கொழுந்து, தங்கச்சிக்குப் பால் ஊற்றாமல் குடிக்கச் சொல்.

உன் கூட்டாளி