மேல்தட்டில் இருக்கும் வெள்ளை உடுப்பு: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

போனில் சொன்னால் "அடுப்பில கறி, பிறகு கதைப்பம்" என்று வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். நாலு பேர் வாசிக்கும் இடத்தில் போடுகிறேன் என்று கோபிக்க வேண்டாம். பிள்ளையின் கராத்தே உடுப்பை அலுமாரி மேல்தட்டில் ஒளித்து வைத்திருக்கும் அம்மாமார் மாங்குளம் தொடக்கம் முள்ளியவளை வரைக்கும் இருக்கிறார்கள்.

ஓம், நீங்கள் உடுப்பை ஒளித்ததை உங்கள் மகள் எனக்குச் சொல்லிவிட்டாள். பெரியபிள்ளையாகிவிட்டாளாம், இனிக் கராத்தே வேண்டாமாம், பரதநாட்டியம் போதுமாம். சரி, அந்த நடனத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்பெயினில் தலவேரா என்றொரு ஊர். 1981 இல் அங்கே பிறந்தவர் சாண்ட்ரா சான்செஸ். சின்ன வயதில் வீட்டார் சகோதரனைக் கராத்தேக்கும் இவரை நடனத்துக்கும் அனுப்பினார்கள். இவர் நடன வகுப்பிலிருந்து நழுவிக் கராத்தே வகுப்பில் போய் நிற்பாராம். கடைசியில் வீட்டார்தான் இறங்கி வந்தார்கள். 2021 ஓகஸ்ட் 5 இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான கட்டா போட்டியில் தங்கம் எடுத்தது இவர்தான். அந்த ஒலிம்பிக் 2020 இல் நடக்க வேண்டியது, கொரோனாவால் ஒரு வருடம் பிந்தியது. நிப்பொன் புடோகான் என்ற பெரிய மண்டபம், பார்க்க வந்த சனம் என்று ஒருவரும் இல்லை.

கட்டா என்றால் என்ன என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அடிபிடி என்று நினைத்து இருந்துவிட்டீர்கள். இதில் எதிரே ஆளே கிடையாது. எட்டு மீற்றருக்கு எட்டு மீற்றர் விரிப்பில் பிள்ளை தனியே நின்று, இல்லாத எதிரியைத் தடுத்து, திரும்பி, குத்தி, உதைத்து, வரிசை பிசகாமல் செய்து முடிக்க வேண்டும். அரைமண்டி பிசகினால் நடன ரீச்சர் தட்டிக் கேட்பதுபோல இங்கே நிற்கும் நிலை ஒரு சாண் உயர்ந்தாலும் புள்ளி போகும். அப்புறம் மூச்சு, வேகம், எங்கே நிறுத்துவது, கண் எங்கே போகிறது, எல்லாம் கணக்கு. உங்கள் மகளுக்கு இரண்டும் பிடிக்கும் என்பது எனக்கு அதிசயமே இல்லை.

தோக்கியோவில் புள்ளி போட்ட முறையையும் சொல்ல வேண்டும். ஏழு நடுவர்கள். நுட்பத்துக்கு எழுபது வீதம், உடல் திறனுக்கு முப்பது வீதம். ஒவ்வொன்றிலும் கூடிய இரண்டு புள்ளியையும் குறைந்த இரண்டையும் தூக்கிவிட்டு, நடுவில் நிற்கும் மூன்றைத்தான் கூட்டுவார்கள். யாராவது ஒருவர் தன் ஊர்ப் பிள்ளைக்கு அள்ளிக் கொடுத்தாலும் அது எடுபடாது. (எங்கள் பக்கத்துப் பேச்சுப்போட்டிகளுக்கும் இந்த முறை வந்தால் நல்லது. நான் ஒன்பதாம் வகுப்பில் மூன்றாமிடம் வந்த கதை உங்களுக்குத் தெரியும்.) இறுதிப் போட்டியில் சாண்ட்ராவுக்கு எதிராக வந்தவர் ஜப்பானின் கியோ ஷிமிசு. 2014, 2016 இரண்டிலும் உலக சம்பியன், சொந்த நாட்டில் நிற்கிறார், சாண்ட்ராவைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். இரண்டு பேரும் செய்தது ஒரே கட்டா, சட்டன்யாரா குஷாங்கு. ஷிமிசுவுக்கு 27.88, சாண்ட்ராவுக்கு 28.06. யூடியூப்பில் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். எங்கே அந்த 0.18 வந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. உங்கள் மகள் பார்த்துவிட்டு "சித்தி, திரும்பின பிறகு கால் அசையுதா எண்டு பாருங்கோ" என்றாள். பதின்மூன்று வயது!

கராத்தே படித்தால் ஒலிம்பிக் போகலாம் என்று ஆசை காட்ட வரவில்லை. 2024 பரிஸில் அதை எடுத்துவிட்டார்கள், 2028 லொஸ் ஏஞ்சல்ஸிலும் இல்லை. பெண்கள் கட்டாவில் இன்றுவரைக்கும் ஒலிம்பிக் தங்கம் சாண்ட்ராவிடம் மட்டும்தான் இருக்கிறது.

அக்கா, வெயிலில் கறுத்துப் போவாள், கை முரடாகும் என்று நீங்கள் சொல்வதெல்லாம் சாட்டு. எனக்குத் தெரியும். எங்கள் காலத்தில் வன்னியில் ஒரு பொம்பிளைப்பிள்ளை காலைத் தூக்கி உதைக்கப் பழகினாள் என்றால் அது எங்கே போய் முடியும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 2007 இல் உங்களுக்குப் பதினேழு. கலியாணம் கட்டிய பிள்ளையை இயக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போகமாட்டார்கள் என்று அம்மா நம்பினா. மூன்று நாளில் எல்லாம் முடிந்தது. தாலிக்குப் பவுன்கூட மாமியிடம் இரவல். பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றரில் உங்களுக்குப் பின்னால் ஓடி வந்தவர்களின் முகமே தெரியாது, அவ்வளவு இடைவெளி. அந்தச் சப்பாத்து அதற்குப் பிறகு எனக்கு வந்தது. எனக்கு அப்போது வயது பதின்மூன்று, சப்பாத்து பெரிசு, துணி அடைத்துப் போட்டேன்.

மகள் வரிசையில் நின்று கத்திக்கொண்டு குத்துவதை வாசலில் நின்று பார்த்துவிட்டு நீங்கள் முகம் கறுத்துத் திரும்பினீர்களே, அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. மாஸ்டரிடம் நேரே சொல்லியிருக்கலாம். நீங்கள் உடுப்பை ஒளித்தீர்கள். அம்மாவின் பிள்ளைதான் நீங்கள்.

சாண்ட்ராவின் கதையில் இன்னொரு துண்டு இருக்கிறது. தாய்க்குப் புற்றுநோய் வந்தபோது பெரிய பயிற்சி வாய்ப்பை விட்டுவிட்டு வீட்டோடு நின்றவர் அவர். பிறகு திரும்பி வந்தால், வயது போய்விட்டது என்றார்கள். 2015 இல் முதல்முறை ஐரோப்பிய சம்பியனானபோது வயது முப்பத்து மூன்று. 2018 இல் மட்ரிட்டில் உலக சம்பியன், முப்பத்தேழு. தோக்கியோவில் தங்கம் எடுத்தபோது நாற்பதுக்கு இன்னும் ஆறு கிழமைதான். அதே வருடம் துபாயில் மறுபடியும் உலக சம்பியன். 2022 இல்தான் போட்டியை விட்டார்.

உங்களுக்கு இப்போது முப்பத்தைந்து. பின்னேரம் குளக்கட்டில் நடக்கப் போகச் சொன்னாலே "இந்த வயசில என்ன நடை" என்பீர்கள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வவுனியாவிலிருந்து வருகிறேன், நெடுங்கேணியால். வகுப்பு மூன்று மணிக்கு என்று மகள் சொன்னாள். உடுப்பைத் தோய்த்து வையுங்கள், பூச்சிக்குளிசை மணக்கும். ஒரு வேலை செய்யுங்கள் அக்கா, வாசலில் நில்லாமல் உள்ளே வந்து வாங்கில் என்னோடு இருங்கள். திரும்பின பிறகு கால் அசையுதா என்று இரண்டு பேரும் பார்ப்போம்.

அன்புடன்,
தங்கச்சி