வால்வு ஆம்ப்ளிஃபயருக்குப் பாகங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிட்டாருக்கு வால்வு (கண்ணாடி வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயரைத் தாமே செய்துகொள்ள விரும்புவோர் பெங்களூருத் தமிழர்களிடையேயும் இருக்கிறார்கள், அவர்களுக்காகவும், எஸ்.பி. சாலை எலெக்ட்ரானிக்ஸ் பாகக் கடைக்காரர்களின் கவனத்திற்காகவும் இதை எழுதுகிறேன்.

ரெசிஸ்டர், சாக்கெட் போன்றவை தேடினால் கிடைத்துவிடுகின்றன. வால்வுகளை ஒருகாலத்தில் இந்நகரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமே தயாரித்தது. இன்றோ ரஷ்யா, ஸ்லோவாக்கியா போன்ற நாடுகளிலிருந்து வருவதையே நம்ப வேண்டியுள்ளது. உண்மையான சிக்கல் வால்வையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில்தான். இ.எல்.84 என்ற வகை வால்வு ஒன்றை மட்டும் கொண்ட சுற்றுக்கு, 8 ஓம் ஸ்பீக்கரை வால்வுக்குச் சுமார் 5,000 ஓமாகக் காட்டும் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. ஸ்டெபிலைசருக்கு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிப் பழகியவர்கள், ஆங்கில E, I எழுத்து வடிவிலான 'இ', 'ஐ' இரும்புத் தகடுகளை மாற்றி மாற்றிக் கோத்துவிடுகிறார்கள், பிரைமரியில் (வால்வோடு இணையும் கம்பிச்சுற்றில்) டி.சி. எனும் ஒருதிசை மின்னோட்டம் இடைவிடாது பாய்வதால் தகட்டடுக்கு, அதற்குமேல் காந்தமேற முடியாத காந்தச் செறிவை எட்டி, தாழ்ந்த சுரங்கள் கலங்கிப்போகின்றன. 'இ' தகடுகள் ஒருபுறமும் 'ஐ' தகடுகள் மறுபுறமும் நிற்க, இடையில் மெல்லிய காகிதம் வைப்பதே முறை. இதைச் சுற்றுபவரிடம் வரைந்தே காட்டிவிடுவது நல்லது. வாயால் சொன்னால், "எல்லாம் தெரியும், போய் வாருங்கள்" என்ற பதில்தான் வரும்.

பழைய கருவிகளிலிருந்து கழற்றிய எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை (மின்னேற்றத்தைத் தேக்கும் பாகங்களை)ப் புதியவற்றோடு கலந்து விற்க வேண்டாம் என்று கடைக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சுமார் 300 வோல்ட் நிற்கும் இடத்தில் உலர்ந்துபோன கெப்பாசிட்டர் வெடிக்கவும் கூடும். இணைப்பைத் துண்டித்த பிறகும் அதில் மின்னேற்றம் தங்கும் என்பதால், அதை வடிக்கத் தகுந்த ரெசிஸ்டரையும் கையோடு வாங்கிச் செல்லுமாறு புதியவர்களிடம் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.