அந்தரங்கத் தகவலுக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பு தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலியல் நலம் பற்றிய ஐயங்களைப் பெற்றோரிடமோ மருத்துவரிடமோ கேட்கக் கூசும் கடலூர், புதுச்சேரிப் பகுதி இளைஞர்கள் அவற்றைக் கைப்பேசியில் தேடுவது இயல்பே. அந்தக் கைப்பேசி அவர்களுக்கு எதைக் கற்பிக்கிறது, அவர்களைப் பற்றி யாருக்குத் தெரிவிக்கிறது என்பதுதான் என் கவலை.

பாலுறவையும் கருத்தரிப்பையும் பதிவுசெய்யும் செயலிகளை ஆராய்ந்து, ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் டெபோரா லப்டன் 2015-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆண்களுக்கான செயலிகள் பாலுறவை எண்ணிக்கையாகவும் போட்டியாகவும் காட்ட, பெண்களுக்கானவை அவர்களது உடலை ஓயாமல் கண்காணிக்க வேண்டிய ஒன்றாகவே காட்டுகின்றன என்பது அவர் எடுத்துரைத்த முக்கியமான செய்தி. நம் வீடுகளில் பழகிப்போன பாகுபாடுதான் இது. புதிய கருவி அதைக் களையவில்லை.

தகவல் கசிவு இதனினும் கொடிது. தன்பாலீர்ப்பாளர்கள் துணை தேடப் பயன்படுத்தும் கிரைண்டர் செயலி தன் பயனர்களின் எச்.ஐ.வி. நிலையை வேறு இரு நிறுவனங்களுக்கு அளித்தது 2018-இல் வெளிவந்தது. மாதவிடாய்க் கணக்கு வைக்கும் ஃப்ளோ செயலி, பெண்களின் உடல்நலத் தகவலை ஃபேஸ்புக், கூகுள் முதலிய நிறுவனங்களுடன் பகிர்ந்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் சாட்டிய குற்றச்சாட்டு 2021-இல் உடன்பாட்டில் முடிந்தது.

நம் நாட்டு நிலை என்ன? 2011-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் உடல்நலத்தையும் பாலியல் நாட்டத்தையும் கூடுதல் பாதுகாப்புக்குரிய தகவல்களாக வகைப்படுத்தின. 2019-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா பாலியல் வாழ்க்கையையும் அவ்வகையில் சேர்த்தது. ஆனால் 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அத்தகைய தனி வகையே இல்லை. ஒருவரது மின்னஞ்சல் முகவரியும் ஒரு பெண்ணின் கருச்சிதைவுக் குறிப்பும் அதில் ஒரே வகைத் தரவுகளாகின்றன. இதை ஏற்பதற்கில்லை. எச்.ஐ.வி. நிலையை உரியவரின் ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது என்று 2017-இலேயே சட்டம் இயற்றிய நாடு, அதே காப்பைப் பாலியல் நலத் தகவல் அனைத்துக்கும் விரிவாக்கத் தயங்குவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எனவே, 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி அந்த வகைப்பாட்டை மீண்டும் சேர்க்கத் தமிழக, புதுச்சேரி நாடாளுமன்ற உறுப்பினர்கள் குரல் கொடுக்க வேண்டும். ஒப்புதல் கோரும் அறிவிப்பை தமிழ் உள்ளிட்ட, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளிலும் பெறலாம் என்று அச்சட்டமே கூறுவதால், செயலிகள் அதைத் தெளிவான தமிழில் தருகின்றனவா என்று அரசு கண்காணிக்க வேண்டும். அத்துடன், எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் வழங்கும் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையங்களின் ஆலோசகர்களைக் கடலூர், புதுச்சேரிக் கல்லூரிகள் ஆண்டுதோறும் அழைத்து, மாணவர்கள் தம் ஐயங்களைத் தனிமையில் கேட்க ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.