'பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டார்' என்று எழுதாதீர்கள்: காவல் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாட்டுக் காவல் நிலைய ஆய்வாளர்களுக்கு, வணக்கம்.

மகளைக் காணவில்லை என்று பெற்றோர் புகார் எழுதிக் கொடுக்கிறார்கள். செல்போன் டவரை வைத்துத் தேடினால், 22 வயதுப் பெண் வெளியூரில் இன்னொரு பெண்ணோடு வாடகை வீட்டில் இருக்கிறார். காதலிக்கிறோம், சேர்ந்து வாழ்கிறோம் என்கிறார்கள் இருவரும். இதற்கு அடுத்து நிலையத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதைப் பற்றி மட்டும்தான் இந்த மடல்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று இதற்கு வழி சொல்லிவிட்டார். காணவில்லை என்று தேடப்பட்டவர் வயது வந்த தன்பாலீர்ப்பாளர், சொந்த விருப்பத்தில் போயிருக்கிறார் என்று விசாரணையில் தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் புகாரை முடித்துவிட வேண்டும். ஒப்படைப்பு என்ற பேச்சே அதில் இல்லை. 18 வயது முடிந்தவரை யாரிடம் ஒப்படைப்பது? தொலைந்துபோன சூட்கேஸா அவர்?

வயதுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைப் பாருங்கள். சாட்சியாக விசாரிக்கும் பெண்ணை, அவராக விரும்பி வந்தாலொழிய, நிலையத்துக்கு வரவழைக்க, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 179-ஆம் பிரிவு இடம் தரவில்லை. அவர் வசிக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். அந்த இடம் இப்போது வாடகை வீடு, அப்பா வீடு அல்ல.

வாக்குமூலம் வாங்கும்போது அறையில் பெற்றோர், தாய்மாமன், ஊர்ப் பெரியவர் யாரும் இருக்கக் கூடாது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுவது தெரிந்தால் அதுவும் தனியறை ஆகாது. அதே சட்டத்தின் 180-ஆம் பிரிவின் கீழ் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்கிறது 181-ஆம் பிரிவு. ஆனால் 'பெற்றோருடன் செல்லச் சம்மதம்' என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் இருக்கிறதே, சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, இரவு பதினொரு மணிக்கு வாங்கிய சம்மதம் நீதிபதி முன்னால் எத்தனை நிமிடம் நிற்கும்?

அந்தத் தாளோடு வீட்டுக்குப் போனவரைப் பூட்டி வைத்தால் அது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 127-ஆம் பிரிவு, சட்டவிரோத அடைத்துவைப்பு. அடுத்து, அவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனு வரும். 2025 மே மாதம் வேலூர் மாவட்ட வழக்கொன்றில் அப்படித்தான் வந்தது. 25 வயதுப் பெண்ணைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அவர் விருப்பப்படி போகவிட்டார்கள். குடும்பம் அமையத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றும் எழுதினார்கள். காவல் துறையின் மெத்தனத்தையும் கண்டித்தார்கள்.

பெற்றோர் கடத்தல் என்பார்கள். பாதுகாவலரிடமிருந்து கடத்துதல் என்ற குற்றம் 18 வயதுக்குட்பட்டவருக்கும் மனநலம் குன்றியவருக்கும்தான் பொருந்தும். நகையோடு போய்விட்டாள் என்பார்கள். அந்தப் புகாரைத் தனியாக விசாரியுங்கள். 'வீட்டுக்குப் போனால் வழக்கு இல்லை' என்று பேரம் பேச அதைப் பயன்படுத்தாதீர்கள். கவுன்சலிங் கொடுத்து மாற்றலாம் என்று ஒரு டாக்டரின் பெயரைச் சொன்னால், அப்படிச் 'சிகிச்சை' தருவது மருத்துவருக்கே தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்திருப்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

உச்ச நீதிமன்றமே இவர்கள் திருமணத்தை ஏற்கவில்லையே என்று சில அதிகாரிகள் கேட்கிறார்கள். 2023 அக்டோபர் 17 தீர்ப்பு திருமண உரிமையைத் தரவில்லை, உண்மை. துணையைத் தேர்ந்து சேர்ந்து வாழும் உரிமையை அது பறிக்கவும் இல்லை. தன்பால் உறவு குற்றமல்ல என்பது 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே முடிந்த கதை.

2022-இல் உங்கள் நடத்தை விதிகளில் 24-சி சேர்ந்திருக்கிறது. பால்புதுமையினரையும் (எல்.ஜி.பி.டி.க்யூ. சமூகத்தினரையும்) அவர்களுக்காகப் பணிபுரிபவர்களையும் துன்புறுத்தக் கூடாது என்கிறது அந்த விதி. சட்டப்படியான விசாரணை துன்புறுத்தல் ஆகாது என்ற விளக்கமும் அதிலேயே உண்டு, ஆகவே முறையாக விசாரிப்பவருக்குப் பயமில்லை.

பெற்றோருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். உயிரோடு, நலமாக, சொந்த விருப்பத்தில் இருக்கிறார் என்று சொல்லுங்கள். முகவரியும் புது போன் நம்பரும் அவர் கொடுக்கச் சொன்னால் மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
சட்ட உதவிப் பணியில் உள்ள சிலர்