அது கதிர்வீச்ச முறிக்கிற ஊசி இல்லைங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை ஃபில்கிராஸ்டிம்ங்கற மருந்த பத்தின செய்திக்கு 'கதிர்வீச்சை முறிக்கும் ஊசி'ன்னு தலைப்பு போட்டிருந்தீங்க, அத படிச்சிட்டு எதிர் ஃபிளாட் மாமா, போன மாசம் சிடி ஸ்கேன் எடுத்தவரு, நானும் ஒண்ணு போட்டுக்கவாம்மான்னு பேப்பரோட வந்து நிக்கறாரு. அதான் எழுதறேன்.

அந்த ஊசி எங்க ஃபிரிட்ஜ்ல தயிர் பாத்திரத்துக்குப் பக்கத்துல மாசக்கணக்கா இருந்துச்சு. எங்க வீட்டுக்காரருக்கு புற்றுநோய்க்கு கீமோ ஓடறப்ப வெள்ளை அணு சர்ருன்னு எறங்கிடும், உடனே ஃபில்கிராஸ்டிம், தெனமும் சாயங்காலம் நான்தான் வயித்துல குத்துவேன். மூணாம் நாள் இடுப்பெலும்பு விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுன்னு சுருண்டு படுத்துடுவாரு. ரத்த அணுக்கள உண்டாக்கற எலும்பு மஜ்ஜை வேலை செய்யுதுன்னு அர்த்தம்னுவாரு டாக்டர், அவருக்கென்ன.

கதிர்வீச்சு பலமா பட்டா அடி வாங்கறதும் அதே மஜ்ஜைதான். சிவப்பணு 120 நாள் தாங்கும், ரத்தத்த உறைய வைக்கற தட்டணு எட்டு பத்து நாள், கிருமிய எதிர்க்கற நியூட்ரோஃபில்ங்கற வெள்ளை அணு ஓரிரு நாள்ல போயிடும், பின்னாடி புதுசு வரலன்னா சாதா கிருமியே ஆள சாச்சிடும். இந்த ஊசி தப்பிச்ச செல்லுங்கள சீக்கிரம் பெருக வைக்குது, அவ்ளோதான். ஒடைஞ்ச டிஎன்ஏவ ஒட்டாது, உள்ள போன கதிரியக்கத்த வெளிய தள்ளாது, மஜ்ஜையில ஒண்ணுமே மிஞ்சலன்னா வேற ஒருத்தர் மஜ்ஜைதான் கதி. அமெரிக்காவுல 1991லயே கீமோவுக்கு வந்த மருந்து, கதிர்வீச்சுக்கு 2015லதான் அனுமதி கெடச்சுது, மனுஷங்கள வெச்சு சோதிக்க முடியாதே, குரங்குகள்ல பாத்துதான் குடுத்தாங்க. 2 கிரேக்கு (உடம்புல படற கதிர்வீச்ச அளக்கற அலகு) மேல பட்டவங்களுக்குத்தான் பொதுவா யோசிப்பாங்க, சிடி ஸ்கேன்ல படறது அதுல நூத்துல ஒரு பங்கு இருந்தாலே பெருசு.

நீங்க எழுத வேண்டியது மாயாபுரி ஸ்கிராப் மார்க்கெட்ல நடந்தத பத்தி. ஜனக்புரியில இருக்கற எங்களுக்கு பக்கத்து எடம், 1985லேர்ந்து சும்மா கெடந்த, காமா கதிர் பாய்ச்சற ஒரு மெஷின ஏலத்துல எடுத்து 2010ல அங்க ஒடைச்சாங்க, உள்ள கோபால்ட்-60ங்கற கதிரியக்கப் பொருள், ஒருத்தர் செத்தே போயிட்டாரு. கதிர்வீச்சு பட்டவங்க தனித்தனியா ஆஸ்பத்திரிக்கு போனதுல விஷயம் பிடிபடவே நாளாச்சு, இந்த ஊசியோ சீக்கிரம் ஆரம்பிச்சாதான் பலன். வாந்தி, கறுத்துப்போன தோல்னு ஒரு ஸ்கிராப் தொழிலாளி வந்தா உடனே ஒரு சிபிசி, அதான் ரத்த அணுக்கள எண்ணற டெஸ்ட், எடுத்து, சில மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு எடுத்து, லிம்போசைட்ங்கற வெள்ளை அணு வேகமா கொறையுதான்னு பாக்கணும். இத சின்ன கிளினிக் டாக்டருங்க கண்ணுல படற மாதிரி போடுங்க.

தலைப்புக்கு ஒரு திருத்தமும் போட்டீங்கன்னா மாமாகிட்ட காட்டிடுவேன், நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாரு.

ஒரு வாசகி,
ஜனக்புரி, புது டெல்லி