எக்ஸாஸ்ட் ஃபேன் எங்கே இருக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுப் பட்டறையில் புகை சேர்கிறது என்றால், சுவரின் உச்சியில் ஓட்டை போட்டு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டச் சொல்வார்கள். சமையலறைக்கு அது போதும். மின்பாகங்களை ஈயப் பற்று வைத்து இணைக்கும் சால்டரிங் மேசைக்குப் போதாது. மேசையில் கிளம்பும் புகை, குனிந்து வேலை செய்பவரின் மூக்கைத் தொட்டுவிட்டுத்தான் உச்சிக்குப் போகிறது. அறை சுத்தமாகிறது, நெஞ்சு சுத்தமாவதில்லை.

அந்தப் புகையில் ஈயம் இருப்பதாகப் பலர் அஞ்சுகிறார்கள். ஈயத்தின் கொதிநிலை 1,749 டிகிரி செல்சியஸ். சால்டரிங் முனையின் 350 டிகிரியில் அது ஆவியாவது இல்லை என்றே சொல்லலாம். கண்ணில் படும் வெண்புகை, பற்று நன்றாக ஒட்டுவதற்காகச் சேர்க்கும் ஃப்ளக்ஸில் உள்ள மரப்பிசினுடையது. ஆபத்து அதில்தான். நாள்பட மூச்சில் போனால் ஆஸ்துமா வரக்கூடும். வந்துவிட்டால் பிறகு துளிப் புகையும் ஒத்துக்கொள்ளாது. ஈயம் உடம்புக்குள் போவது பெரும்பாலும் கைவிரல் வழியாக. அதற்கு வேண்டியது சோப்பு, ஃபேன் அல்ல.

புகையை அது கிளம்பும் இடத்திலேயே பிடிக்க வேண்டும். ஒரு முழம் தள்ளியிருக்கும் விளக்கை ஊதி அணைத்துவிடலாம், உறிஞ்சி அணைக்க முடியாது. உறிஞ்சும் குழாய் எல்லாத் திசையிலிருந்தும் காற்றை இழுப்பதால், அதன் விட்டத்தின் அளவு தள்ளிப் போனாலே குழாயின் வாயில் இருந்த வேகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். கணக்கும் அதையே சொல்கிறது. சால்டரிங் புகையைப் பிடிக்க, அது கிளம்பும் இடத்தில் விநாடிக்கு அரை மீட்டர் காற்றோட்டம் வேண்டும். 150 மி.மீ. குழாயின் வாய் 15 செ.மீ. தூரத்தில் இருந்தால் மணிக்குச் சுமார் 440 கன மீட்டர் காற்றை இழுக்க வேண்டியிருக்கும். அதே வாயை 30 செ.மீ.க்குத் தள்ளினால் 1,650 ஆகிவிடும். பெரிய ஃபேன் வாங்குவதைவிட வாயை அருகே கொண்டுவருவதுதான் மலிவு. வாயைச் சுற்றி 15 செ.மீ. அகலத்துக்கு ஒரு பிளைவுட் பட்டையைப் பொருத்தினால், பின்பக்கத்துக் காற்று வீணாக வந்து சேராது. 15 செ.மீ. தூரத்துக்கான தேவை 440-லிருந்து 330 கன மீட்டருக்கு இறங்கிவிடும்.

அடுத்தது குழாய். 100 மி.மீ. குழாய் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுப்பவர்கள் உண்டு. அதே அளவு காற்றுக்கு அதில் உராய்வு 150 மி.மீ. குழாயைப் போல ஏழு மடங்குக்கும் மேல். மடிப்பு வைத்த நெளி குழாய் இன்னும் மோசம். அதைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால் தொய்வில்லாமல் இழுத்துக் கட்ட வேண்டும். வழவழப்பான பிவிசி குழாய் நல்லது. திருப்பம் தவிர்க்க முடியாவிட்டால் ஒரு 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி வளைவுகளைச் சற்று இடைவெளி விட்டுப் போடலாம். வெல்டிங் மேசைக்கு மட்டும் பிவிசி கூடாது. பொறி பட்டால் உருகிவிடும். அங்கே தகரக் குழாய்தான்.

ஃபேன் விஷயத்தில்தான் காசு அதிகம் வீணாகிறது. அட்டையில் அச்சிடும் காற்றளவு, எதிரே எந்தத் தடையும் இல்லாதபோது கிடைப்பது. குழாயை மாட்டியதும் அது சரிந்துவிடும். எவ்வளவு அழுத்தத்தில் எவ்வளவு காற்று தரும் என்பதையும் தயாரிப்பவர்கள் அட்டையிலேயே போட்டால் வாங்குபவர் ஏமாறமாட்டார். கணினிக்குள் இருக்கும் 120 மி.மீ. ஃபேன், குழாய் எதுவும் இல்லாமல் ஜன்னலை ஒட்டிய மேசையில், புகையிலிருந்து ஐந்தாறு செ.மீ. தூரத்தில் இருந்தால் வேலை செய்யும். நாலு மீட்டர் குழாயில் தள்ளச் சொன்னால் சத்தம் மட்டுமே வரும். நீளக் குழாய்க்கு, காற்றைப் பக்கவாட்டில் வீசித் தள்ளும் புளோயர் வேண்டும்.

புளோயரை மேசைப் பக்கம் வைக்காமல், குழாய் வெளியேறும் முனையில் வையுங்கள். அப்படி வைத்தால் இணைப்பில் கசிவு இருந்தாலும் அறைக் காற்றுதான் குழாய்க்குள் போகும். மேசைப் பக்கம் வைத்தால் அதே கசிவு வழியாகப் புகை அறைக்குள் வரும். வெளி முனை சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் மழைநீர் இறங்காது. கொசுவலை அடிக்க வேண்டாம், பிசின் படிந்து சில வாரங்களில் அடைத்துக்கொள்ளும். ஒரு செ.மீ. கண்ணுள்ள கம்பிவலை போதும்.

வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழி வேண்டும். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு ஃபேன் இழுக்கவில்லை என்று குறைப்பட்டுப் பயனில்லை. வழி விடுவது வேலை செய்பவரின் முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். அதே அறையிலோ பக்கத்திலோ கேஸ் கெய்சர் இருந்தால் இரட்டைக் கவனம் தேவை. ஃபேனின் இழுப்பில் அதன் கழிவுப் புகை அறைக்குள் திரும்பும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது.

இதுவரை சொன்னது சால்டரிங், வெல்டிங் புகைக்கு. தின்னர், பெட்ரோல், ஸ்பிரே பெயின்ட் ஆவிக்கு இந்த அமைப்பைத் தொடவே கூடாது. சாதாரண மோட்டாரிலும் சுவிட்சிலும் எழும் சிறு பொறி போதும், குழாய்க்குள்ளேயே பற்றிக்கொள்ளும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும். அதற்குப் பொறி எழாத மோட்டாரும், எர்த் செய்த உலோகக் குழாயும் வேண்டும். கையில் கிடைத்ததை வைத்துச் செய்யும் வேலை அல்ல அது.

மாட்டி முடித்ததும் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, சால்டரிங் முனை இருக்கும் இடத்தில் பிடித்துப் பாருங்கள். புகை நேராக வாய்க்குள் சாய வேண்டும். நெளிந்து மேலே எழுந்தால் வாயை இன்னும் நெருக்குங்கள். மேலே மின்விசிறி சுற்றினால் அதை நிறுத்திவிட்டுப் பார்க்கவும், பாதிக் கோளாறு பெரும்பாலும் அதனால்தான். மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டு இறக்கைகளில் ஒட்டிய பிசினை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு ஓட்டவும். ஒரு பக்கம் மட்டும் படிந்தால் சமநிலை கெட்டு பேரிங் உறுமத் தொடங்கும்.

இப்படிக்கு,
பட்டறை வேலை தெரிந்த வாசகர்கள்