ஹெட்போனுக்கு ஸ்டார் போடறதுக்கு முன்னாடி சத்தத்தைச் சமமாக்குங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்க தொழில்நுட்பப் பக்கத்துல வந்த ஹெட்போன் ஒப்பீட்டைப் படிச்சேன். எல்லாத்துக்கும் மூணரைல இருந்து நாலரை ஸ்டார் வரைக்கும்தான், ஒண்ணு கூட ரெண்டு ஸ்டார் வாங்கல, அப்புறம் எதைத்தான் வேணாம்னு ஒதுக்கறது? எழுதினவர் மேல கோபம் ஒண்ணும் இல்ல, சிரத்தையாத்தான் எழுதியிருக்கார், ஆனா ஒப்பிட்ட முறையிலயே பெரிய ஓட்டை இருக்கு.

போன் வால்யூமை பாதியில வெச்சு எல்லா ஹெட்போனையும் மாத்தி மாத்திக் கேட்டேன்னு எழுதியிருக்கார். ஒரே வால்யூம்னா ஒரே சத்தம்னு அர்த்தம் இல்லீங்க. ஒவ்வொண்ணுக்கும் சென்சிட்டிவிட்டி (குடுக்கற மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வருதுங்கற அளவு) வேற, இம்பீடன்ஸ் (மின்சாரத்தை எவ்வளவு தடுக்குதுங்கறது, ஓம்ல சொல்வாங்க) வேற. 16 ஓம், 32 ஓம் இயர்போனெல்லாம் போன்லயே அலறும், அதே போன்ல சென்ஹைசர் ஹெச்டி 600 மாதிரி 300 ஓம் ஹெட்போனைச் செருகினா அடங்கித்தான் பாடும். நம்ம காது இருக்கே, ரெண்டுல எது கொஞ்சம் சத்தமோ அதைத்தான் "இது தெளிவா இருக்கு, இதுல பேஸ் நல்லா இருக்கு"ன்னு சொல்லும், சத்தம் கூட இருக்குன்னு சொல்லவே சொல்லாது. ஒரு டெசிபல் வித்தியாசம் இருந்தாலே முடிவு மாறிடும். சத்தம் குறைய குறைய பேஸ், அதாவது தாழ்ந்த சுருதி ஒலிதான் முதல்ல காணாம போகும், ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதை 1933லயே அளந்து எழுதிட்டாங்க. அப்போ "பேஸ் பத்தல"ன்னு உங்ககிட்ட மார்க் இழந்த ஹெட்போன், வெறுமனே மெதுவா பாடின ஹெட்போனா இருந்திருக்கலாம் இல்லையா? முள்ளு நேரா நிக்காத தராசுல நிறுத்துட்டு எது கனம்னு சொன்ன கதைதான்.

பெட்டில போட்டிருக்கற சென்சிட்டிவிட்டி நம்பரை வெச்சு கணக்கு போட்டுக்கலாமேன்னு பார்த்தா, அங்கயும் ஒரு வில்லங்கம். ஒரு கம்பெனி ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல்னு போடுது, இன்னொண்ணு ஒரு வோல்ட்டுக்கு இத்தனைன்னு போடுது. 32 ஓம் ஹெட்போனுக்கு இந்த ரெண்டு கணக்குக்கும் நடுவுல கிட்டத்தட்ட 15 டெசிபல் வித்தியாசம், 300 ஓம்னா 5 டெசிபல் சொச்சம். உங்க அட்டவணைல ரெண்டு வகையையும் பக்கத்துல பக்கத்துல போட்டு பெரிய நம்பருக்கு டிக் வேற அடிச்சிருக்கீங்க. "5 ஹெர்ட்ஸ் முதல் 40,000 ஹெர்ட்ஸ்"ங்கற ஒலி எல்லையையும் (எவ்வளவு தாழ்ந்த சுருதில இருந்து எவ்வளவு உச்ச சுருதி வரைக்கும் பாடும்ங்கறது) அப்படியே எடுத்துப் போட்டிருக்கீங்க, மனுஷனுக்குக் கேக்கறது 20ல இருந்து 20,000 வரைக்கும்தான், வயசாக ஆக மேல் முனை தேஞ்சுகிட்டே வரும், அதுவும் எத்தனை டெசிபல் ஏத்த இறக்கத்துக்குள்ளன்னு சொல்லாத வரைக்கும் அந்த நம்பருக்கு மதிப்பே கிடையாது. 50 எம்எம் டிரைவரும் (உள்ள இருக்கற குட்டி ஸ்பீக்கர்) அதே கேஸ்தான், பெருசா இருந்தா நல்லா இருக்கும்னு எந்த விதியும் இல்ல.

இதை ஒழுங்கா செய்ய முடியாதான்னா, செஞ்சிருக்காங்க. ஹார்மன்னு ஒரு ஆடியோ கம்பெனில ஷான் ஆலிவ், டாட் வெல்டின்னு ரெண்டு பேர், கேக்கறவங்களுக்கு எந்த ஹெட்போன்னே தெரியாம சோதிச்சாங்க. ஹெட்போன்ல இது லேசான காரியம் இல்ல, தலைல மாட்டின உடனே கனத்தை வெச்சே எதுன்னு கண்டுபிடிச்சிடலாம். அதனால ஒரே ஹெட்போனை மாட்டிவிட்டு, ஈக்வலைசர், அதாவது சுருதி வாரியா சத்தத்தைக் கூட்டிக் குறைக்கற வசதி வெச்சு மத்த ஹெட்போன்களோட டோனை அதுலயே வர வெச்சாங்க (எனக்கு ரொம்பப் பிடிச்ச யோசனை இது). நல்ல ரூம்ல நல்ல ஸ்பீக்கர் கேக்கற மாதிரி இருக்கற டோனைத்தான் நிறைய பேர் விரும்பினாங்க. விலை விஷயத்துக்கு வந்தா, 2017ல வெளிவந்த இன்னொரு ஆய்வுல 283 ஹெட்போனை அளந்து பார்த்துட்டு, ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸுக்கும் (எந்தச் சுருதி எவ்வளவு சத்தமா வருதுங்கறது) விலைக்கும் சம்பந்தமே தெரியலன்னு சொல்லியிருக்காங்க. உங்க கட்டுரைல ஸ்டார் மட்டும் விலையோடயே ஏறிகிட்டு போறதைப் பார்க்கும்போது, எழுதினவருக்கு விலை முன்னாடியே தெரியும்ங்கறதைத் தவிர வேற என்ன நினைக்கறது?

அதுக்காக அந்த ரெஸ்பான்ஸ் கிராஃப் மட்டும் போட்டா போதும்னு சொல்ல வரல. கண்ணாடி போட்டவங்களுக்கு காதோரம் இடைவெளி விழுந்து பேஸ் வடிஞ்சிடும், இயர்போன்ல ரப்பர் டிப் சைஸ் பொருந்தலன்னாலும் அதேதான், எத்தனை பேர் இதனால நல்ல இயர்போனைத் திட்டிட்டு திருப்பி அனுப்பறாங்களோ. வெளிச்சத்தத்தை அடக்கற நாய்ஸ் கேன்சலிங்கை ஃபேன் சத்தத்துல சோதிச்சா எல்லாமே பாஸ் ஆயிடும், அது பெரும்பாலும் தாழ்ந்த சுருதி இரைச்சலைத்தான் அடக்கும், பக்கத்துல பேசற குரல்லயும் சோதிக்கணும். மைக் பத்தி ஒரு வரி கூட இல்லாததுதான் ஆச்சரியம், ப்ளூடூத் ஹெட்போனை கம்ப்யூட்டர்ல மாட்டி மைக் ஆன் ஆன உடனே பாட்டு பழைய டெலிபோன் தரத்துக்கு இறங்கறதை மீட்டிங்ல உக்காந்தவங்க எல்லாரும் பார்த்திருப்பாங்க.

லேப் வேணும்னு கேக்கல. தடிமனான அட்டைல ஓட்டை போட்டு ஒரு சின்ன மைக்கைப் பொருத்தி, அதுமேல ஹெட்போனை வெச்சு பிங்க் நாய்ஸ் (எல்லா சுருதியும் கலந்த இரைச்சல்) ஓட விட்டு, எல்லாம் ஒரே அளவு காட்டற மாதிரி ஒவ்வொண்ணுக்கும் வால்யூமைக் குறிச்சுகிட்டா போதும், ஓவர்-இயர் ஹெட்போனுக்கு ஓரளவு சரியா வரும். அப்புறம் ஒரே பாட்டோட ஒரே பத்து செகண்டை உடனுக்குடன் மாத்திக் கேக்கணும், காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு கேட்டா எதுவும் ஞாபகம் நிக்காது. மிருதங்கத்தோட இடந்தலை எப்படிக் கேக்குது, குரல் முன்னாடி நிக்குதான்னு பார்க்கலாம். ஒலியோட தரம், காதுக்கு சௌகரியம், மைக், வெளிச்சத்தத்தை அடக்கறதுன்னு மார்க்கைத் தனித்தனியா போடுங்க, எல்லாத்தையும் கூட்டி ஒரே ஸ்டாராக்க வேணாம்.

அதே ஹெட்போன்களை அதே ஆளையே இப்படி ஒரு தடவை மறுபடி கேக்கச் சொல்லுங்க. வரிசை மாறினா, பழைய அட்டவணைக்குப் பக்கத்துலயே புதுசையும் அச்சடிங்க.

இப்படிக்கு,
உங்க வாசகர் ஒருத்தர்